இரைமீன் கணக்கு

மினிக்காய்த் தீவில் சூரை பிடிக்கக் கிளம்பும் படகு எடுத்த எடுப்பில் ஆழ்கடலுக்குப் போய்விடாது. பொழுது விடியும் முன்பே தீவுக்கும் பவளத் திட்டுக்கும் நடுவே கிடக்கிற உள்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கே ஆழம் ஓர் ஆள் உயரம், மிஞ்சினால் இரண்டு ஆள் உயரம். அடியில் வெள்ளை மணல். நான் ஏறியிருந்த படகில் நான்கு பேர் சதுர வலையொன்றைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்திருந்தார்கள். இன்னொருவர் முந்தைய நாள் சூரையின் சதையை அரைத்துக் குழைத்து வலைக்கு மேலாகத் தூவினார். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கலங்கி அசைந்தது. விரல் நீளம்கூட வராத மீன்கள், முதுகில் லேசான நீலம், ஆயிரக்கணக்கில். வலையின் நான்கு மூலைகளும் ஒரே சமயத்தில் மேலே வந்தன. மீனைக் கையால் யாரும் தொடவில்லை. தண்ணீரோடு வாளியில் மொண்டு படகின் நடுவிலுள்ள தொட்டியில் விட்டார்கள். தொட்டியில் துளைகள் உண்டு. கடல்நீர் வந்து போய்க்கொண்டே இருப்பதால் மீன் உயிரோடு இருக்கும்.

இந்த மீனுக்கு அங்கே ஹொண்டெலி என்று பெயர். சூரைக்கு இதுதான் இரை. செத்த இரை உதவாது. உயிரோடு கடலில் வீசினால்தான் சூரைக்கூட்டம் படகை விட்டு விலகாமல் நிற்கும். இரை கிடைக்காத நாளில் சூரையும் கிடையாது, டீசலும் வீண், படகு திரும்பிவிடும். இந்தத் தீவில் அறுபது ஆண்டுகளாக மீன்பாடு எப்படி மாறிவந்திருக்கிறது என்று பார்க்கத்தான் நான் போயிருந்தேன். சூரை எத்தனை டன் என்று யாரைக் கேட்டாலும் பதில் இரைமீனில் போய் முடிந்தது.

லட்சத்தீவுகளின் தெற்குக் கோடியில் தனித்துக் கிடக்கிறது மினிக்காய். மற்ற தீவுகளிலிருந்து அதை ஒன்பது டிகிரிக் கால்வாய் பிரிக்கிறது. தெற்கே எட்டு டிகிரிக் கால்வாயைத் தாண்டினால் மாலத்தீவு. நுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு கொச்சியிலிருந்து கப்பலேற வேண்டும். பிறை வடிவத் தீவு, நீளம் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். அகலத்தைப் பேச்சோடு பேச்சாக நடந்தே கடந்துவிடலாம். மேற்குப் பக்கம் முழுக்க உள்கடல். 2011 கணக்கெடுப்பின்படி பத்தாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். 1956 வரை இந்தத் தீவு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தோடு இருந்தது என்பது இன்று நம்மில் பலருக்கு நினைவில்லை. மொழி மஹல், மாலத்தீவின் திவேஹிக்கு உடன்பிறப்பு. வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். ஆண்களில் பலர் வணிகக் கப்பல்களில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஊரில் நிற்பவர்களுக்கு மீன்.

எனக்குத் துணையாக வந்தவர் எழுபதைக் கடந்தவர். இளவயதில் மாசிக் கருவாட்டு மூட்டைகளோடு தூத்துக்குடிக்குப் பலமுறை வந்து போனதால் தமிழ் நன்றாகவே வருகிறது. எல்லோரும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். படகு அவருடைய மருமகனுடையது.

திட்டின் வாய் வழியே வெளியே வந்ததும் அடிமணல் மறைந்து கடல் கருநீலமானது. எல்லோருடைய கண்ணும் வானத்தில். பறவைகள் எங்கே கூடித் தாழ்கின்றனவோ அங்கே கீழே சூரை இருக்கும். கூட்டத்தைக் கண்டதும் ஒருவர் தொட்டியிலிருந்து இரையை அள்ளி வீசத் தொடங்கினார். பின்பக்கத்திலிருந்து குழாய்கள் தண்ணீரைப் பீய்ச்சின. சிறுமீன் கூட்டம் துள்ளுகிறது என்று சூரை ஏமாறுவதற்காக. அந்தக் காலத்தில் இதைக் கையால் தண்ணீரை வாரியடித்துச் செய்தார்களாம். படகின் பின் தட்டில் வரிசையாக நின்றவர்கள் கையில் நீண்ட கம்பு, அதன் நுனியில் நரம்பு, நரம்பில் கொக்கி. கொக்கியில் எதிர்முள் கிடையாது என்பதுதான் இந்த வேலையின் நுட்பம். சூரை கவ்வியதும் ஒரே வீச்சில் தலைக்கு மேலாகத் தூக்க, மீன் தானாகவே கழன்று தட்டில் விழுகிறது. கம்பு அதே வீச்சில் மறுபடி தண்ணீருக்குப் போகிறது. ஒரு மீன், ஒரு கம்பு, ஒரு மனிதர். வலையில் சிக்கி மூச்சுத்திணறும் ஆமை இல்லை, சுறாக்குட்டி இல்லை, வேண்டாமென்று தூக்கியெறிய ஒன்றுமே இல்லை. உலகத்தில் சூரை பிடிக்கும் வழிகளில் இதைவிட நேர்மையானதை நான் பார்த்ததில்லை.

விழுந்தவை பெரும்பாலும் வரிச்சூரை. வயிற்றில் நீளவாக்கில் கருங்கோடுகள், இரண்டு மூன்று கிலோ எடை. இடையிடையே மஞ்சள்துடுப்புச் சூரையான கேரையின் குட்டிகள். கூட்டம் எப்படித் திடீரென்று வந்ததோ அப்படியே முங்கிப் போய்விட்டது. காக்கா தட்டைப் பார்த்துவிட்டு, “மோசமில்லை” என்றார். பிறகு தொட்டியைப் பார்த்தார். அதில் மிச்சமிருந்த இரையைப் பார்த்துத்தான் அடுத்த கூட்டத்தைத் தேடுவதா, கரைக்குத் திரும்புவதா என்று முடிவாயிற்று.

இந்த முறை எவ்வளவு பழையது என்று சொல்ல முடியாது. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பதூதா, அங்கே மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்தி இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அனுப்பியதை எழுதிவைத்திருக்கிறார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் இடித்துச் சம்பலில் போடும் மாசி அதுதான். மினிக்காய்ப் பெண்கள் இன்றும் அதே போலச் செய்கிறார்கள். தலையையும் குடலையும் நீக்கி, சதையை நீளமாக நான்கு துண்டாக்கி, உப்புநீரில் வேகவைத்து, தென்னை மட்டைப் புகையில் வைத்து, பிறகு வெயிலில் நாள்கணக்கில் காயவிடுகிறார்கள். ஐந்து கிலோ பச்சை மீன் ஒரு கிலோ மாசியாகச் சுருங்கும் என்பது அவர்கள் கைக்கணக்கு. ஐஸ் என்றால் என்னவென்றே தெரியாத தீவுக்கு ஆண்டு முழுக்கப் பணமும் அரிசியும் கொண்டுவந்த பண்டம் இது.

எழுத்தில் வந்த கணக்கு மிகவும் பிந்தியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1958இல் மினிக்காயில் ஒரு கிளையைத் தொடங்கியது. அதே ஆண்டில் அந்த நிலையத்தின் இயக்குநர் எஸ். ஜோன்ஸ் இந்தத் தீவின் மீன்பிடிப்பு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே இரைமீன் இருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அந்த விஞ்ஞானிக்கு அன்றே தெரிந்திருந்தது. பின்னால் வந்த அறிக்கைகளில் டன் முன்னுக்கு வந்து இரை பின்னால் போய்விட்டது.

1960களின் தொடக்கத்தில் எஞ்சின் வந்தது. இருபத்தைந்து, முப்பது அடி நீளத்தில் பாப்லோ என்று அழைக்கப்பட்ட படகுகளை அரசு மானியத்தில் கொடுத்தது. மினிக்காய்க்காரர்களைக் கொண்டு அகத்தி போன்ற வடக்குத் தீவுகளின் இளைஞர்களுக்கும் கம்பும் இரையும் கற்றுக்கொடுத்தார்கள். 1969இல் மினிக்காயில் சூரையை டின்னில் அடைக்கும் ஆலை திறந்தது. அதுவரை லட்சத்தீவு முழுவதிலும் சேர்த்து ஆண்டுக்குச் சில நூறு டன்னாக இருந்த மீன்பாடு, 1990களில் பத்தாயிரம் டன்னை ஒட்டி வந்து நின்றது. அதில் பெரும்பங்கு சூரைதான். தாளில் கோடு போட்டால் மேலே மேலே போகும். அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் காட்டி மகிழ்வதற்கு ஏற்ற கோடு.

அந்தக் கோட்டைப் பற்றிக் காக்காவிடம் பேசினேன். மாசி காயப்போட்டிருந்த மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் மறுக்கவில்லை. “மீன் கூடித்தான் இருக்கு. யார் இல்லேன்னு சொன்னது? ஆனா அந்தக் காலத்துல பாய்மரத்துல போவோம். விடிகாலை கிளம்பினா பகல் சாப்பாட்டுக்குக் கரைக்கு வந்துடுவோம். கரையிலேர்ந்து பார்த்தா எங்க பாய் தெரியும். இப்ப இவன் போற தூரத்துக்கு விளக்குமரமே மறைஞ்சு போகுது” என்று மருமகனைக் காட்டினார். 1885இல் வெள்ளைக்காரர்கள் கட்டிய அந்த விளக்குமரத்தை வைத்துத்தான் அவர் எல்லாத் தூரத்தையும் அளக்கிறார்.

“மாமா சொல்றது சரிதான்” என்றார் மருமகன். “ஆனா ஒண்ணு சொல்லணும். பெரிய படகு, பெரிய எஞ்சின், ஐஸ் பெட்டி. இவ்வளவும் வந்த பிறகும் ஆளுக்கு வர்ற பங்கு அந்த அளவுக்குக் கூடலை. டீசலுக்குப் போயிடுது.”

இவர்கள் பேசியதில்தான் விஷயம் இருக்கிறது. கரையில் இறங்கிய மீனின் எடை மட்டும் ஒரு கடலின் நிலையைச் சொல்லாது. அதைப் பிடிக்க எத்தனை படகு போயிற்று, எத்தனை மணி நேரம் அலைந்தது, எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்துப் படகு பிடித்ததை இருபது படகு பிடித்தால் டன் குறையாமல் இருக்கலாம். ஒரு படகின் பாடு பாதியாகியிருக்கும். படகுகளும் எஞ்சின்களும் பெருகிய காலத்துக் கோட்டை மீன் பெருகிய கோடு என்று வாசிப்பது தவறு. கடலை அது சொல்வதில்லை, மனித முயற்சியைத்தான் சொல்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. தொலைவில் என்ன நடக்கிறது என்பது இந்தத் தீவின் கையில் இல்லை. வரிச்சூரை ஒரு நாட்டுக்குச் சொந்தமான மீனல்ல, இந்தியப் பெருங்கடல் முழுக்கச் சுற்றுவது. 1980களின் நடுவிலிருந்து ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டுப் பெருங்கப்பல்கள் சுருக்குவலையோடு மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு வந்தன. மிதவைகளைக் கடலில் விட்டு, அவற்றின் அடியில் கூடும் கூட்டத்தை அப்படியே வளைத்து அள்ளுகிறார்கள். வரிச்சூரையோடு கேரைக் குஞ்சுகளும் சேர்ந்து வருகின்றன. இந்தப் பெருங்கடலில் ஆண்டுக்குப் பிடிபடும் வரிச்சூரை இப்போது ஆறு லட்சம் டன்னுக்கு மேல். மினிக்காயின் பங்கு அதில் கண்ணுக்கே தெரியாது. 1996இல் அமைந்த இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தில் உலக நாடுகள் அளவு நிர்ணயிக்கப் பேசும்போது, எண்ணோடு வருகிறவர் குரல்தான் கேட்கும். மாலத்தீவு தன் கம்புத் தூண்டில் மீன்பிடிப்புக்கு 2012இல் நீடித்த மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்று பெற்றது, தன் கணக்கைப் பிடிவாதமாக எழுதிவைத்ததும் அதற்கு ஒரு காரணம். அதே முறையில், அதே மொழிக் குடும்பத்தார், எட்டு டிகிரிக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் பிடிக்கும் மீனுக்கு அந்த மதிப்பு வந்து சேரவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

ஆனாலும் தீவுக்காரர்களின் கவலை அந்தக் கப்பல்களைவிட உள்கடலைப் பற்றியே அதிகம். இரைமீனில் ஹொண்டெலி ஒன்றுதான் என்றில்லை. ரெஹி இருக்கிறது, போடி இருக்கிறது, முகுரன் இருக்கிறது. நிலமெஹி என்று ஒன்று: பச்சையும் நீலமும் கலந்து மின்னும் சிறு மீன், கிளைகிளையாகப் படர்ந்த பவளத்தை விட்டு இரண்டு முழம்கூட விலகாது, ஆபத்து என்றால் கிளைகளுக்குள் புகுந்துகொள்ளும். ஹொண்டெலி வராத மாதங்களில் பவளத்தை அண்டி வாழும் இம்மாதிரி மீன்கள்தான் கைகொடுத்தன.

1998இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்தன. 2010இல் மறுபடி, 2016இல் மறுபடி, 2024இல் மறுபடி. அகத்தி, கடமத், கவரத்தி தீவுகளின் பவளத் திட்டுகளை ரோகன் ஆர்தரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் மற்ற ஆய்வாளர்களும் 1998 முதல் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். 2022 வரையிலான அவர்களது கணக்குப்படி உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. முதலில் அழிவது கிளைப்பவளம். செத்த கிளை சில ஆண்டுகளில் அலையில் முறிந்து சிதறுகிறது. ஒளிய இடமில்லாத நிலமெஹி எங்கே போகும்?

மருமகன் என்னை முகக்கண்ணாடி மாட்டித் தண்ணீருக்குள் பார்க்கச் சொன்னார். சில பாறைகளில் உயிர் இருந்தது. பழுப்பும் ஊதாவுமாக இளங்கிளைகள் எழுந்திருந்தன, மீன்களும் மொய்த்தன. அடுத்த திட்டில் முறிந்த துண்டுகளின் குவியல், அதன் மேல் பாசி. இரண்டுக்கும் நடுவே நாலைந்து கையெறி தூரம்தான். நீந்தி மேலே வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் பழகிவிட்டார், எந்தத் திட்டில் எப்போது கடைசியாக இரை எடுத்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சூரையின் இன்னொரு நன்மையைச் சொல்லாமல் விட முடியாது. லட்சத்தீவின் பவளத் திட்டுகளில் கலவாயும் கிளிமீனும் இன்றும் ஓரளவு மிஞ்சியிருப்பதற்கு, அறுபது ஆண்டுகளாகப் படகுகள் சூரையின் பின்னால் வெளிக்கடலுக்குப் போனதும் ஒரு காரணம். அந்தமானையும் லட்சத்தீவையும் ஒப்பிட்டு 2018இல் வந்த ஓர் ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. யாரும் பவளத்தைக் காப்பதற்காகப் பாப்லோ படகு கொடுக்கவில்லை. ஆனால் அதுதான் நடந்தது. இப்போது அந்த ஏற்பாடு தளர்கிறது. பெருநகரச் சந்தைகளுக்கும் விடுதிகளுக்கும் திட்டுமீன் கேட்கிறார்கள். சூரைக்கு இரை கிடைக்காத நாளில், மாசி விலை விழுந்த பருவத்தில், ஒரு படகுக்காரர் தூண்டிலைத் திட்டின் ஓரத்தில் இறக்கினால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பிறகு பாழாகப் போவது அந்தத் திட்டுகள்தான். பாசியை மேய்ந்து பவளக்குஞ்சுகளுக்கு இடம்விடுவது கிளிமீன் போன்றவை. அவை குறைந்தால் வெளுத்த பவளம் எழுவது கடினம், பவளம் எழாவிட்டால் இரை குறையும், இரை குறைந்தால் இன்னும் பல படகுகள் திட்டுக்கு வரும்.

திட்டில் பிடித்து வீட்டுக் குழம்புக்குப் போகிற மீன் எந்தக் கணக்கில் இருக்கிறது? பொழுது சாயும் நேரம், நீர் வற்றிய திட்டின் மேல் கம்பியும் கூடையுமாக நடக்கிறவர்களைப் பார்த்தேன். சிறுவர்கள் படித்துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மீன் சந்தைக்கு வராது, எடை போடப்படாது. உலகின் தீவுகள் பலவற்றிலும் இதே கதைதான். பசிபிக்கில் அமெரிக்க சமோவாவின் பழைய பதிவுகளையும் வீட்டு உணவுக் கணக்குகளையும் கோத்து டர்க் செல்லர், டேனியல் பாலி முதலியோர் 1950 முதல் 2002 வரையிலான மீன்பாட்டை மீட்டெழுதினார்கள். உண்மையில் பிடிபட்டது அரசு எண்ணைவிடப் பல மடங்கு. அந்தப் பெரிய அளவு ஐம்பது ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சரிந்திருந்தது. எண்ணாமல் விட்டதால் சரிவும் யார் கண்ணிலும் படவில்லை. மினிக்காய்க்கு அந்த நிலை வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. எண்ணாமல் விட்டால் வந்தாலும் தெரியாது.

கடலுக்குப் போக முடியாத நாள்களும் பெருகுகின்றன. பருவமழை மாதங்களில் படகைக் கரையேற்றிவிடுவது பழைய வழக்கம். சூரைப் பருவம் அக்டோபரில் தொடங்கிக் கோடை வரை. இப்போது அந்தப் பருவத்துக்குள்ளேயே புயல்கள் வருகின்றன. 2017 ஒக்கி, 2019 மஹா, 2021 தவ்தே. ஒக்கியின்போது தூத்தூர்ப் பக்கத்து நம் கன்னியாகுமரி மீனவர்களின் படகுகள் லட்சத்தீவுகளில் ஒதுங்கி உயிர் தப்பியதைத் தீவுக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய மாலை மருமகன் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். தக்ஷின் அறக்கட்டளை சில ஆண்டுகளாக லட்சத்தீவு மீனவர்களோடு சேர்ந்து அவர்களே தங்கள் மீன்பாட்டை எழுதிவைக்கும் முறையை நடத்திவருகிறது. அவர் அந்தப் பழக்கத்தில் தனக்கென்றும் ஒரு நோட்டு போட்டிருக்கிறார். எந்த இடத்தில் இரை எடுத்தது, என்ன இரை, எத்தனை மணிக்கு வெளியே போனது, எவ்வளவு டீசல், எவ்வளவு சூரை. காக்காவுக்கு எழுத்தில் பெரிய நம்பிக்கையில்லை. ஆனாலும் இரை எடுத்த இடத்தின் பெயரை மருமகன் தவறாக எழுதினால் திருத்துகிறார். உள்கடலின் ஒவ்வொரு திட்டுக்கும் பெயர் தெரிந்தவர் அவர்.

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். மீன் கிடைத்த நாள்களுக்கு நடுவே, சூரை என்ற இடத்தில் பூஜ்யமும் அதற்கு எதிரே ‘இரை இல்லை, திரும்பினோம்’ என்று பொருள்படும் மஹல் வரியும் அங்கங்கே இருந்தன. கரையில் இறங்கும் மீனை மட்டும் நிறுக்கிற கணக்கில் அந்த நாள்களுக்கு இடமே கிடையாது. படகு போனது, ஆள்கள் உழைத்தது, எண்ணெய் எரிந்தது எதுவும் பதிவாகாது. மீன்வளத் துறை ஆண்டுதோறும் அச்சிடும் சூரை டன்னுக்குப் பக்கத்தில் இரை கிடைக்காமல் திரும்பிய நாள்களும் தீவுவாரியாக வர வேண்டும். எழுதுகிறவர்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வாங்கிச் சேர்க்க ஆள் வேண்டும், இந்தப் பருவத்திலிருந்தே.